சூடான கார் ஏன் கிளம்ப மறுக்கிறது?

காலையில் ஒரே முயற்சியில் கிளம்பும் பழைய கார், நெடுந்தூரம் ஓடிப் பத்து நிமிடம் நின்றதும் மீண்டும் கிளம்ப அடம் பிடிப்பதைப் பார்த்திருக்கிறீர்களா? அரை மணி நேரம் சும்மா விட்டால் ஒன்றுமே நடவாததுபோல் ஓடும். என் நண்பரின் கார் அப்படித்தான். மேட்டுப்பாளையத்தில் தேநீருக்கு நிறுத்தினால் உதகைப் பயணம் அத்துடன் சரி. பட்டறைக்குப் போவதற்குள் கார் ஆறிவிடும், கோளாறும் மறைந்துவிடும். எனவே அங்கே ஊகத்தின் பேரில் பெட்ரோல் பம்பையும் பாட்டரியையும் மாற்றினார்கள். பயனில்லை.

எஞ்சினை நிறுத்தியவுடன் எல்லாப் பாகங்களும் குளிரத் தொடங்கும் என்று நாம் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. விசிறியும் நீரோட்டமும் நின்றுவிடுவதால் வார்ப்பிரும்பில் தேங்கிய வெப்பம் கார்புரேட்டருக்கும் பெட்ரோல் குழாய்க்கும் பரவுகிறது. ஓடும்போது இருந்ததைவிட அவை சில நிமிடங்களில் அதிகமாகச் சுடும்.

பெட்ரோல் பல நீர்மங்களின் கலவை. அதன் இலேசான பகுதி ஏறத்தாழ 40 டிகிரி செல்சியஸிலேயே கொதிக்கத் தொடங்கும். கனமான பகுதிக்கு 200 டிகிரி வரை வேண்டும். பம்ப் உறிஞ்சும் குழாயில் அழுத்தம் குறைவு. ஆகவே அங்கே கொதிநிலை இன்னும் தாழ்கிறது. குழாயில் ஆவி நிறைந்தால் பம்ப் அந்த ஆவியையே அமுக்கிக்கொண்டிருக்கும், பெட்ரோல் நகராது. இதுவே ஆவியடைப்பு. மாறாக, கார்புரேட்டர் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினுக்குள் வழிந்தால் பெட்ரோல் மிகுந்து காற்று போதாமற் போகும்.

மூன்றாவது குற்றவாளி, பொறி தரும் இக்னிஷன் காயில். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.39 சதவீதம் கூடுகிறது. 3 ஓம் உள்ள முதன்மைச் சுற்று 60 டிகிரி சூடேறினால் 3.7 ஓம் ஆகும். 12 வோல்ட்டில் மின்னோட்டம் 4 ஆம்பியரிலிருந்து 3.2 ஆம்பியராகக் குறையும். காயிலில் சேரும் ஆற்றல் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. அதில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! நல்ல காயில் இதைத் தாங்கும். உள்ளே மின்காப்பு தளர்ந்த காயில் தாங்காது.

மூன்றுக்கும் காத்திருப்பதே மருந்து என்பதுதான் சிக்கல். பம்பின்மேல் ஈரத்துணி போட்டுக் குணமானதாகச் சொல்பவர்கள் உண்டு. துணி குளிர்வித்ததா, கடந்துபோன நேரம் குளிர்வித்ததா? சூடு ஆறுமுன் சோதித்தால்தான் விடை கிடைக்கும்.

ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்க்கவேண்டும். (இது பெரியவர்கள் செய்யவேண்டிய வேலை, பெட்ரோல் ஆவி சூழ்ந்த இடத்தில் பொறியைச் சோதிப்பது ஆபத்து.) பிளக் உலர்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. நனைந்திருந்தால்? பெட்ரோல் மிகுதியாக இருக்கலாம், பொறி இல்லாமலும் இருக்கலாம்.

நண்பரின் காரில் பிளக் நனைந்திருந்தது. ஆக்ஸிலரேட்டரை முழுக்க அழுத்தியபடி ஸ்டார்ட்டரைச் சுழற்றினோம். மிகுதிப் பெட்ரோல் என்றால் உட்புகும் காற்று அதை வெளியேற்றியிருக்கும். கார் கிளம்பவில்லை. கையோடு கொண்டுபோயிருந்த குளிர்ந்த காயில் ஒன்றை மாட்டினோம்; மற்றவையெல்லாம் சூடாகவே இருந்தன. உடனே கிளம்பியது. நண்பர் புறப்பட அவசரப்பட்டார். நான் விடவில்லை, எஞ்சினை நிறுத்திப் பழைய காயிலை மறுபடி மாட்டச் சொன்னேன். கிளம்பவில்லை.

புதுப் பம்புக்கான பட்டறை ரசீதை நண்பர் இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறார்.