பழைய வீட்டின்மேல் புதிய மாடி

நம் நாட்டில் ஒரு வீடு ஒரே முறையில் கட்டி முடிக்கப்பெறுவது அரிது. முதலில் இரண்டு அறைகளும் ஒரு தாழ்வாரமும் எழும்பும். மகனுக்கு மணமாகும்பொழுதோ, வாடகை வருவாய் வேண்டப்படும்பொழுதோ, வீட்டுக்காரரின் பார்வை மேல்நோக்கிச் செல்லும். மனை வாங்கும் செலவு இல்லை, அஸ்திவாரச் செலவும் இல்லை, சுவரை மேலே நீட்டினால் போதும் என்பது அவர் கருத்து. அஸ்திவாரச் செலவு இல்லை என்னும் அவ்வெண்ணத்திலேதான் இடர் மறைந்து நிற்கின்றது. 2016-ஆம் ஆண்டு முதல் பிரதம மந்திரி ஊரக வீட்டுத் திட்டத்தின்கீழ்க் குறைந்தது 25 சதுர மீட்டர் பரப்புடன் எழுந்துள்ள சிறு வீடுகளிலும், குடும்பம் பெருகப் பெருக, இதே எண்ணம் தோன்றுவது இயல்பே.

அப்பொழுது களப்பணியாளரிடம் வரும் வினா ஒன்றே: "இந்தச் சுவர் தாங்குமா?" கொத்தனார் கரண்டியால் தட்டிப் பார்த்துத் தாங்கும் என்று கூறிவிடுவதுண்டு. செங்கல் நன்கு வெந்துள்ளதா என்பது தட்டும் ஓசையால் ஓரளவு புலப்படும். சுவரும் அதன் கீழுள்ள மண்ணும் எவ்வளவு பளுவைத் தாங்கும் என்பது ஓசையால் புலப்படாது. அதனைக் கணக்கிட்டே அறிதல் வேண்டும். அக்கணக்கு உயர்நிலைப் பள்ளி மாணவரும் செய்யத்தக்கதே. ஆசிரியர்கள் தம் பள்ளிச் சுவரையே அளந்து மாணவரைக் கொண்டு செய்விக்கலாம்.

எடுத்துக்காட்டாக, கங்கைச் சமவெளிச் சிற்றூர் ஒன்றில் உள்ள ஒரு வீட்டைக் கொள்வோம். அடுத்தடுத்து இரண்டு அறைகள். ஒவ்வொன்றின் அகலமும் 3 மீட்டர். வெளிச்சுவர் இரண்டு, அறைகளைப் பிரிக்கும் நடுச்சுவர் ஒன்று. மூன்றும் 23 சென்டிமீட்டர் கனமும் 3 மீட்டர் உயரமும் உடையன. கூரை 12 சென்டிமீட்டர் கனமுள்ள கம்பிக் கான்கிரீட்டுத் தளம். செங்கற்கட்டு ஒரு கன மீட்டருக்கு ஏறத்தாழ 1,920 கிலோகிராமும், கம்பிக் கான்கிரீட்டு 2,500 கிலோகிராமும் எடையுள்ளவை. ஆகவே சுவர், இருபுறப் பூச்சும் சேர, ஒரு மீட்டர் நீளத்திற்கு 1,485 கிலோகிராம் ஆகும். கூரைத் தளம் சதுர மீட்டருக்கு 300, அதன்மேலுள்ள நீர்த்தடை அடுக்கு 200, மொட்டை மாடியில் மக்கள் நடமாடுவதற்கென 150, ஆக மொத்தம் 650 கிலோகிராம். வெளிச்சுவர் கூரையில் 1.5 மீட்டர் அகலத்தையே சுமக்கும். நடுச்சுவரோ இரு அறைகளின் கூரையிலும் பாதிப் பாதி சுமப்பதால், அதன் பங்கு 3 மீட்டர். எனவே கூரையால் வெளிச்சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்திற்கும் வரும் பளு 975 கிலோகிராம், நடுச்சுவருக்கு வருவது 1,950.

தரைமட்டத்திற்கு அருகிலும் கீழும் உள்ள தடித்த கட்டு, அதன் அடியிலுள்ள சுண்ணாம்புக் கான்கிரீட்டு ஆகியவற்றிற்கு மீட்டருக்கு 1,290 கிலோகிராம் சேர்ப்போம். அஸ்திவாரத்தின் அடியகலம் 75 சென்டிமீட்டர். இன்றைய நிலையில் வெளிச்சுவரின் அடியில் மண் சதுர மீட்டருக்கு 5 டன்னும், நடுச்சுவரின் அடியில் 6.3 டன்னும் தாங்கி நிற்கிறது.

இப்பொழுது அதே அளவில், அதே பொருள்களால் ஒரு மாடி எழுப்பினால் வருவது யாது? பழைய மொட்டை மாடியின் நீர்த்தடை அடுக்கை எடுத்துவிட்டுத் தரைப்பூச்சு இடுவதால் சதுர மீட்டருக்கு 100 கிலோகிராம் குறையும். ஆனால் குடியிருப்புத் தளத்திற்கு 150-க்குப் பதிலாக 200 கிலோகிராம் நடமாட்டப் பளு கொள்ளவேண்டும் ஆதலின், எஞ்சும் குறைவு 50 மட்டுமே. இதனையும் கழித்துப் பார்த்தால் வெளிச்சுவரின் கீழ் 8.2 டன், நடுச்சுவரின் கீழ் 10.7 டன் என முடியும். பெருவிரலால் நடுத்தரமாக அழுத்தினால் பதியும் மென்களிமண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 10 டன் என்பதே வழக்கமாகக் கொள்ளப்படும் அளவு. வெளிச்சுவர்கள் தேறிவிட்டன, நடுச்சுவர் தேறவில்லை.

இவ்விடத்தில் சற்று நின்று கவனித்தல் நலம். வீட்டுக்காரர் கவலையுடன் காட்டுவது எப்பொழுதும் வெளிச்சுவரைத்தான். மழையும் வெயிலும் படுவது அதுவாகையால், கறையும் வெடிப்பும் அதிற்றான் தெரியும். இரு புறமும் வெள்ளையடிக்கப்பெற்று அழகாக நிற்கும் நடுச்சுவரே மிகுந்த பளு சுமப்பது. உட்சுவர்தானே என்று அதற்கு அஸ்திவாரத்தைக் குறுக்கியிருப்பதும் உண்டு. நடுச்சுவர் மட்டும் மிகுதியாக அமிழ்ந்தால் கட்டடம் உடனே வீழ்ந்துவிடுவதில்லை. அதனோடு பிணைந்த குறுக்குச் சுவர்கள் கதவு, சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாகக் கிழியத் தொடங்கும்.

மண்ணைப் போலவே சுவரின் வலுவையும் பார்க்கவேண்டும். மாடி வந்தபின் கீழ்த்தள நடுச்சுவரின் அடியில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2.9 கிலோகிராம் அழுத்தம் ஏற்படும். சதுர சென்டிமீட்டருக்கு 35 கிலோகிராம் வலுவுள்ள தாழ்ந்த தரச் செங்கல்லை ஒன்றுக்கு ஆறு சிமெண்டுச் சாந்தில் கட்டியிருந்தால், சுவரின் உயரத்திற்கான கழிவு போகத் தக்க அழுத்தம் 3 கிலோகிராம் அளவே. கணக்கு எல்லையில் நிற்கிறது. ஆனால் சுவரில் வாயில்களும் அலமாரிக் குழிவுகளும் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டால், எஞ்சிய பகுதிகளின்மேல் அழுத்தம் 4 கிலோகிராமுக்கு மேல் ஏறிவிடும். 75 கிலோகிராம் வலுவுள்ள நல்ல செங்கல்லாயின் அச்சமில்லை. எனவே செங்கல்லின் தரம் தெரியாமல் விடை கூறலாகாது: சுவரின் சில இடங்களிலிருந்து முழுச் செங்கற்களைப் பெயர்த்தெடுத்து, பொறியியற் கல்லூரிச் சோதனைச் சாலை ஒன்றில் நசுக்கிப் பார்க்கச் செய்தல் வேண்டும். சேற்றுச் சாந்தில் கட்டிய சுவரின்மேலும், 11.5 சென்டிமீட்டர் கனமுள்ள அரைக்கல் சுவரின்மேலும் செங்கல் மாடி எழுப்ப இசைவளிக்கவே கூடாது. சாந்து எத்தகையது என்பதை ஓர் ஆணியால் இணைப்புகளைச் சுரண்டியே தெரிந்துகொள்ளலாம். மாவுபோல் உதிர்ந்தால் மேலும் ஆராய வேண்டுவதில்லை.

அஸ்திவாரத்தைப் பற்றி வீட்டுக்காரர் கூறுவதை ஏற்றுக்கொண்டு கணக்கிடுதல் பயனற்றது. வெளிச்சுவர், நடுச்சுவர், மூலை ஆகிய மூன்று இடங்களிலேனும் சுவரையொட்டிச் சிறு குழி தோண்டி ஆழம், அகலம், அடிக் கான்கிரீட்டின் நிலை ஆகியவற்றை அளத்தல் வேண்டும். குழிகளைக் கோடையில் தோண்டி, அன்றன்றே இறுக மூடிவிடுக. மாளவம், மகாராஷ்டிரம், கத்தியவாடு முதலிய கரிசல் நிலப் பகுதிகளில் வேறொரு செய்தியும் உண்டு. அம்மண் மழையில் பருத்தும் வெயிலில் சுருங்கியும் வீட்டை ஆண்டுதோறும் அசைப்பது. மேலே பளு ஏற்றினால் வீடு அசையாமல் நிற்கும் என்று சிலர் நம்புகின்றனர். ஒரு மாடியின் எடை இதற்குப் போதாது. ரூர்க்கி மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிலையம் இத்தகைய மண்ணுக்கென உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரிந்த குழித்தூண் அஸ்திவாரம், பருவத்தால் அசையாத ஆழத்தில் வீட்டை ஊன்றி நிறுத்துகிறது. அவ்வாறு ஊன்றப்படாத கரிசல் நில வீட்டின்மேல் மாடி எழுப்புதல் அறவே தகாது என்பதே எமது கருத்து.

சுவரில் வெடிப்பு இருப்பின் அது பழையதா, இன்னும் விரிகின்றதா என்று அறிய எளிய வழியொன்று உண்டு. மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை வெடிப்பின் குறுக்கே வைத்து, பூச்சை நீக்கிய செங்கல்லின்மேல் இரு முனைகளையும் சிமெண்டால் ஒட்டி, அருகில் தேதி எழுதி வைக்கவேண்டும். சுவர் அசையுமாயின் கண்ணாடி உடைந்துவிடும். ஒரு மழைக்காலமும் ஒரு கோடையும் கண்ணாடி உடையாதிருந்தால், வெடிப்பு ஓய்ந்தது எனக் கொள்ளலாம். வீட்டுக்காரர் ஓராண்டு காத்திருக்க உடன்படார் என்று பணியாளர்கள் முறையிடுவதுண்டு. உண்மைதான், எனினும் கண்ணாடி ஒட்டப்பெற்ற வீட்டில் அவசரப்படுவோர் குறைவு, ஏனெனில் உடைந்த கண்ணாடியை அவரே காண்கிறார்.

கூரை எவ்வகையினது என்பதையும் மறத்தலாகாது. பஞ்சாப், தில்லி, மேற்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளில் வெப்பத்தைத் தடுக்க வைக்கோல் கலந்த களிமண்ணை அரைச் சாண் அளவுக்குச் சற்றுக் குறைவாகப் பரப்பி, மேலே ஓட்டுக்கல் பதிப்பர். மண் ஃபுஸ்கா என்பது அதன் பெயர். இதன்மேலேயே புதுச் சுவரைத் தொடங்கிவிடும் கொத்தர் உளர். அது மண்ணின்மேல் அஸ்திவாரமின்றிச் சுவர் எழுப்புவதை ஒக்கும். முழு அடுக்கையும் எடுத்து, கான்கிரீட்டுத் தளம் தெரியுமாறு செய்தபின்னரே, கீழ்ச் சுவருக்கு நேர்மேலே புதுச் சுவரை வைத்தல் வேண்டும். இராசத்தானத்தில் வழங்கும் கற்பலகைக் கூரைகள் அறையின் நடுவே ஒரு தடுப்புச் சுவரைக்கூடத் தாங்கமாட்டா.

தூண்கள் உள்ள வீடுகளில் மொட்டை மாடியின் மேல் நீட்டி நிற்கும் கம்பிகளை நாடெங்கும் காண்கிறோம். அவை பின்னொரு நாள் மாடி வரும் என்னும் நம்பிக்கையின் அடையாளமேயன்றி, தூணும் அதன் அடித்தளமும் இரண்டு தளங்களுக்குக் கணக்கிடப்பட்டவை என்பதற்குச் சான்றல்ல. பத்தாண்டு மழையில் துருவேறி, அடியில் பென்சில்போல் மெலிந்த கம்பியோடு புதுக் கம்பியைப் பிணைத்தால் பிணைப்பு எதற்கும் உதவாது. கம்பியை விடத்தான் வேண்டுமெனில், மெலிந்த கான்கிரீட்டால் மூடி வைத்தல் வேண்டும். மாடி கட்டும்பொழுது உடைத்தெடுத்துக் கொள்ளலாம்.

நிலநடுக்கம் வரக்கூடிய பகுதிகளில் மேற்கூறிய கணக்கு பாதியளவே. அதிர்ச்சி ஒரு கட்டடத்தைப் பக்கவாட்டில் தள்ளும் விசை அதன் எடைக்கு ஏற்ப அமைவது. ஒத்த எடையுள்ள மாடி ஒன்று சேர்ந்தால் தள்ளும் விசை இரு மடங்காகும். மேல் எடை இருமடங்கு உயரத்தில் நிற்பதால், அடியில் கட்டடத்தைச் சாய்க்க முயலும் வலு மும்மடங்காகும். 1897-ஆம் ஆண்டு ஜூன் 12-ஆம் நாள் ஷில்லாங் பகுதியில் கற்கட்டடங்கள் வீழ்ந்தபின், அசாமில் மரச்சட்டமும் நாணல் தட்டியும் கொண்ட இலேசான வீடுகள் பரவின. காஷ்மீரத்தில் கீழ்த்தளத்தைக் கல்லாலும் செங்கல்லாலும் கட்டி, மேல்தளத்தை மரச்சட்டங்களிடையே மெல்லிய செங்கல் நிரப்பிக் கட்டும் தஜ்ஜி தேவாரி முறை நெடுநாளாக உண்டு. மேலே செல்லச் செல்ல எடை குறைய வேண்டும் என்பதை அங்குள்ள தச்சர் எந்தச் சூத்திரமுமின்றியே கடைப்பிடித்தனர். மாறாக, 2001-ஆம் ஆண்டு சனவரி 26-ஆம் நாள் கட்சு நிலநடுக்கத்தில், மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தொலைவிலுள்ள அகமதாபாதில் வீழ்ந்த அடுக்குமாடிகள் பல, கீழ்த்தளத்தில் சுவரின்றித் தூண்கள் மட்டும் உள்ளவை. மாடி எழுப்பும் சமயத்திலேயே கடைக்காகக் கீழ்த்தளச் சுவரை இடிக்கும் வழக்கம் எத்துணைத் தீயது என்பது இதனால் விளங்கும். பழைய சுவரின் மேல்மட்டத்தில் தொடர்ச்சியான கம்பிக் கான்கிரீட்டு வளையம் இல்லையேல், சுவரின் இரு முகத்திலும் கம்பி வலைப்பட்டை பொருத்திச் சிமெண்டுச் சாந்து பூசிப் பிணைப்பு உண்டாக்காமல் மாடிக்கு இடங்கொடுத்தல் கூடாது.

மேற்கூறிய எடுத்துக்காட்டு வீட்டில் மாடி வேண்டவே வேண்டாமா எனின், அவ்வாறன்று. 20 சென்டிமீட்டர் கனமுள்ள நுண்காற்றறைக் கட்டிகளால் சுவரும், உருக்குச் சட்டத்தின்மேல் தகட்டுக் கூரையும் அமைத்தால், நடுச்சுவரின்மேல் புதிதாக ஏறும் பளு மீட்டருக்கு 3,435 கிலோகிராமிலிருந்து 880 ஆகக் குறையும். மண்ணின் மேல் அழுத்தம் 7.3 டன்னில் நின்றுவிடும். தகட்டுக் கூரையைப் புயற்காற்று தூக்காவண்ணம் சட்டங்களைக் கீழ்த்தளக் கான்கிரீட்டோடு திருகாணிகளால் இறுகப் பிணைக்கவேண்டும். கோடை வெப்பத்தைக் குறைக்கக் கூரையின் கீழ் உட்தட்டி வேண்டும். வீட்டுக்காரர் இதனைக் கொட்டகை என்று இகழக்கூடும். இரண்டு கணக்குகளையும் ஒரே தாளில் எழுதிக் காட்டுதலே தக்க மறுமொழி.

அஸ்திவாரத்தை அகலப்படுத்தியே தீரவேண்டுமெனின், அது பயின்ற பொறியாளர் உடனிருந்து செய்விக்கும் பணி. சுவரின் முழு நீளத்தையும் ஒரே நாளில் தோண்டியதால் சுவர் சரிந்து தொழிலாளர் புதையுண்ட துயரங்கள் பல. ஒரு மீட்டர் அல்லது அதற்குச் சற்று மிகுந்த துண்டுகளாக, ஒன்று விட்டு ஒன்றாகத் தோண்டி, புதிய கான்கிரீட்டு இறுகியபின் அடுத்த துண்டைத் தொடவேண்டும். மழைக்காலத்தில் இப்பணியைத் தொடங்கலாகாது. வேலை நடக்கும் நாள்களில் அச்சுவரை அடுத்த அறைகளில் எவரும் உறங்கலாகாது.

தண்ணீர்த் தொட்டியைப் பற்றி ஒரு சொல். 1,000 லிட்டர் நீர் ஒரு டன் எடையுள்ளது. அதனைப் புதிய மாடியின் கூரை நடுவில் வையாமல், இரு சுவர்கள் கூடும் மூலையின் மேல், நடுச்சுவரைத் தவிர்த்து, அமைக்குமாறு வரைபடத்திலேயே குறித்துக் கொடுத்துவிடுக. கட்டி முடிந்தபின் கூறினால் எவரும் தொட்டியை நகர்த்துவதில்லை.