சாலை மூடிய நாட்களில் சர்வகலாசாலை ஊழியர்

அமெரிக்காவில் ஸியாட்டில் நகரின் கடலோரத்தில் இரண்டு அடுக்காக நின்ற அலாஸ்கன் வே மேம்பாலம், 1953-ல் திறக்கப்பட்டு, 2001-ஆம் வருஷத்துப் பூகம்பத்தில் பலவீனமடைந்து, பதிலுக்குத் தோண்டிய சுரங்கப் பாதையோடு சாலையை இணைக்கும் பொருட்டு 2019 ஜனவரி 11-ஆம் தேதி இரவு மூடப்பட்டபோது, தினந்தோறும் சுமார் 90,000 வாகனங்கள் சென்றுவந்த மார்க்கம் மூன்று வார காலத்துக்கு இல்லாமற் போயிற்று. அந்நகரின் வாஷிங்டன் சர்வகலாசாலையைப் போன்றதோர் ஸ்தாபனத்தில் ஓர் இலாகாவின் பொறுப்பை வகிப்பவர், இத்தகைய சமயத்தில் தம் ஊழியருக்குச் செய்யவேண்டிய காரியங்களை, அந்த ஊரை வைத்தே சொல்கிறேன்.

முதற்காரியம் விசாரிப்பது. சாலை மூடுவதற்கு ஒரு மாதம் முன்பே ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்து, எந்தப் பகுதியிலிருந்து வருகிறார், எத்தனை மணிக்கு வீட்டை விட்டுப் புறப்படுகிறார், வழியில் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடவேண்டுமா, எந்த மணிக்கு அவர் இல்லாவிட்டால் வேலை நின்றுபோகும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கேள்விதான் முக்கியம். மற்றவர் வருமுன் கூடத்தைத் துடைத்து, ஈரம் உலர்வதற்காகக் கதவைத் திறந்துவைக்கும் அம்மாளுக்கு, விடியற்காலையின் முதல் பஸ் தவறிப்போனால் அடுத்த பஸ் எந்த உபயோகமும் இல்லை. மாற்றுப் பாதைப் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியதோடு கடமை தீர்ந்தது என்று இருந்துவிடும் அதிகாரி, அவரை அறவே மறந்துவிடுகிறார்.

அடுத்தது, யோசனை சொல்லுமுன் நேரத்தைத் தளர்த்துவது. மேஜை வேலை பார்ப்பவர் வாரத்தில் இரண்டு மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை செய்யலாம், மற்ற நாட்களில் பத்து மணிக்கு வரலாம் என்று எழுத்து மூலமாக உத்தரவு கொடுத்துவிட வேண்டும். தினம் தினம் வந்து அனுமதி கேட்டு நிற்கும் சங்கடத்தை ஒருவருக்கும் வைக்கலாகாது. காலை ஒன்பது மணிக் கூட்டங்களை ஒத்திவையுங்கள். இதைச் சலுகை என்று சிலர் கருதுகிறார்கள். எனக்கு அது நியாயமாகவே படுகிறது, ஏனெனில் குமாஸ்தா ஒருவர் வீட்டில் நிறுத்திய கார், ஆஸ்பத்திரியில் முறை மாற்றக் காத்திருக்கும் நர்ஸுக்குச் சாலையில் விட்ட இடம் அல்லவா?

மூன்றாவது, மாற்று வழியை ஒத்திகை பார்க்கச் செய்வது. மேற்கு ஸியாட்டிலில் இருப்பவர் படகேறி விரிகுடாவைக் கடந்து, துறையிலிருந்து மேட்டில் நடந்து, நகர மத்தியில் ரயில் பிடித்து, 2016-ல் திறந்த சர்வகலாசாலை நிலையத்தில் விளையாட்டு மைதானத்தருகே இறங்கலாம். காகிதத்தில் இது சுலபம். ஜனவரி மழையில் நனைந்த சரிவுப் பலகையில், ஒரு கையில் குடையும் மறு கையில் பையுமாக இறங்குகிறவருக்கு எத்தனை நிமிஷம் பிடிக்கும் என்பதை நடந்து பார்த்தால்தான் தெரியும். ஆகையால் ஒரு வாரம் முன்னதாக, வேலை நாள் ஒன்றில், அதே நேரத்தில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை போய்வரச் சொல்லுங்கள். படகுக்கும் ரயிலுக்கும் செல்லும் ஓர்கா அட்டையில் பணம் ஏற்றிக்கொள்ளவும் நினைவூட்டுங்கள். அந்த ஒத்திகை நேரத்தை வேலை நேரமாகவே கணக்கிடுவது உசிதம்.

ஒரே பகுதிக்காரர் நால்வரை ஒரு காரில் சேர்க்கலாம். ஆனால் குழந்தைக்கு ஜுரம் என்று நடுப்பகலில் செய்தி வந்தால் வீடு திரும்ப டாக்ஸிக் கூலியை இலாகா கொடுக்கும் என்ற உறுதி இல்லாமல், தாய்மார் அதற்கு இசையமாட்டார்கள்.

இறுதியாக, உத்தரவில் முடிவுத் தேதி குறிக்கும்போது, சாலை திறக்கும் நாளுக்கு அப்பால் ஒரு வாரம் சேர்த்தே குறியுங்கள். ஸியாட்டிலில் பிப்ரவரி 4-ஆம் தேதி சுரங்கப் பாதை திறந்தபோது, நகரெங்கும் பனி படிந்திருந்தது.