‘பவர்’ மாத்திரை என்று ஒன்று கிடையாது

நம்பிக்கை: ஆன்டிபயாடிக் போட்டால் எந்தக் கிருமியானாலும் ஒழியும்.

ஆன்டிபயாடிக் வேலை செய்வது பாக்டீரியாவிடம் மட்டும்தான். பாக்டீரியாவில் உள்ள, ஆனால் மனித செல்லில் இல்லாத, அல்லது வேறு வடிவில் இருக்கிற பாகங்களையே அது குறிவைக்கிறது. பெனிசிலின், அமாக்ஸிசிலின், செஃப்ட்ரையாக்சோன் ஆகியவை பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டிக்கொள்ள முடியாமல் செய்கின்றன. மனித செல்லுக்குச் சுவரே கிடையாது. டாக்ஸிசைக்ளினும் அசித்ரோமைசினும் பாக்டீரியாவின் ரைபோசோமைப் பற்றிக்கொண்டு புரத உற்பத்தியை நிறுத்துகின்றன. சிப்ரோஃப்ளாக்சசின், டி.என்.ஏ. நகலாவதற்குத் தேவையான நொதிகளை முடக்குகிறது.

சாதாரணச் சளி, ஃப்ளூ, டெங்கு மூன்றும் வைரஸால் வருபவை. வைரஸுக்குச் செல் சுவரும் இல்லை, சொந்த ரைபோசோமும் இல்லை. இந்த மருந்துகள் பற்ற அங்கே இடமே கிடையாது. ஆனாலும் நம்பிக்கை தளராததற்குக் காரணம் உண்டு. பெரும்பாலான வைரஸ் காய்ச்சல்கள் சில நாட்களில் தாமாகவே தணியும். மூன்றாம் நாள் மாத்திரை போட்டு ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டால், பெயர் மாத்திரைக்குப் போய்விடுகிறது.

நம்பிக்கை: சளி பச்சையாக வந்தால் ஆன்டிபயாடிக் தேவை.

அந்தப் பச்சை, தொற்றை எதிர்த்துக் குவியும் வெள்ளணுக்களில் உள்ள ஒரு நொதியின் நிறம். வைரஸ் தொற்றிலும் அது வரும். நிறத்தை மட்டும் வைத்து மருந்தை முடிவு செய்ய இயலாது.

நம்பிக்கை: புதிதாக வந்த, விலை கூடிய ஆன்டிபயாடிக்தான் பவரானது.

மருந்துக்கடைகளில் அதிகம் கேட்கும் பேச்சு இது. அதிகம் கெடுதல் செய்வதும் இதுதான். ஆன்டிபயாடிக்குகளைப் பலம், பலவீனம் என்று ஒரே வரிசையில் அடுக்க முடியாது. எந்த பாக்டீரியா, உடலில் எந்த இடம், எந்த நோயாளி என்ற மூன்றையும் பார்த்தே தேர்வு அமைகிறது.

தமிழ்நாட்டில் பரவலாகக் காணப்படும் ஸ்க்ரப் டைபஸ் காய்ச்சல் இதற்குத் தெளிவான சான்று. இளம் உண்ணிப்பூச்சி கடித்துப் பரவும் இந்த நோயின் பாக்டீரியா, மனித செல்லுக்குள்ளேயே புகுந்து வாழ்கிறது. மருத்துவமனைகளில் நரம்பு வழியே ஏற்றப்படும் செஃப்ட்ரையாக்சோன் இதனிடம் பலிப்பதில்லை. பல பத்தாண்டுப் பழைய, விலை குறைந்த டாக்ஸிசைக்ளின் பலிக்கிறது. நோய் முற்றியவர்களுக்கு டாக்ஸிசைக்ளினையும் அசித்ரோமைசினையும் சேர்த்து நரம்பு வழியே கொடுப்பது, இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட நல்ல பலன் தருவதாக, வேலூர் சி.எம்.சி. மருத்துவர்கள் முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் காட்டியது. தொண்டைப்புண் தரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் வகை, 1940களில் புழக்கத்துக்கு வந்த பெனிசிலினுக்கு இன்றும் அடங்குகிறது. பிற்காலத்து அசித்ரோமைசினையோ அதே பாக்டீரியா பல இடங்களில் எதிர்க்கிறது.

இடமும் முக்கியம். நைட்ரோஃபுரன்டாயின் சிறுநீரில் செறிவாகச் சேர்வதால் சிறுநீர்ப்பைத் தொற்றுக்கு ஏற்றது. ரத்தத்திலும் சிறுநீரகத் திசுவிலும் போதிய அளவு சேராததால், தொற்று சிறுநீரகத்துக்கு ஏறிவிட்டால் அது உதவாது. இனி நோயாளி: கர்ப்பம், வயது, சிறுநீரகத்தின் நிலை, ஒவ்வாமை ஆகியவை தேர்வையும் அளவையும் மாற்றும். உலக சுகாதார நிறுவனம் 2017 முதல் ஆன்டிபயாடிக்குகளை மூன்று வகையாகப் பிரித்திருப்பதும் பலத்தை அளந்து அல்ல: முதலில் கொடுக்க உகந்தவை, கவனத்துடன் கொடுக்க வேண்டியவை, கடைசி வழியாகக் காத்துவைக்க வேண்டியவை.

நம்பிக்கை: அடிக்கடி சாப்பிட்டால் உடம்புக்கு மருந்து பழகிவிடும்.

பழகுவது உடம்பு அல்ல, பாக்டீரியா. ஒவ்வொரு முறை மருந்து போடும்போதும் குடலில் வாழும் கோடிக்கணக்கான பாக்டீரியாக்களில் அதைத் தாங்கக்கூடியவை மட்டும் மிஞ்சிப் பெருகுகின்றன. தாங்கும் ஆற்றலைத் தரும் மரபணுவை அவை பிற இன பாக்டீரியாக்களுக்கும் கடத்துகின்றன. ஆதலால் வாழ்நாளில் ஆன்டிபயாடிக்கே அதிகம் தொடாத ஒருவருக்கும், எதிர்ப்புத்திறன் பெற்ற கிருமி மற்றவரிடமிருந்து தொற்றலாம். பெனிசிலினைக் கண்டறிந்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங், குறைந்த அளவில் போடப்படும் மருந்து இப்படிப்பட்ட கிருமிகளை உருவாக்கும் என்று 1945இல் நோபல் உரையிலேயே எச்சரித்தார்.

நம்பிக்கை: எவ்வளவு நாள் கூடுதலாகச் சாப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது.

நாள்கணக்கு நோயைப் பொறுத்தது. சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தொண்டைப்புண்ணுக்குப் பெனிசிலின் வழக்கமாகப் பத்து நாள். நன்கு தேறிவரும் நிமோனியாவுக்குப் பெரும்பாலும் ஐந்து நாளே போதும். தேவைக்கு மேல் போடும் ஒவ்வொரு நாளும், எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பெருக மேலும் ஒரு வாய்ப்பு. அதற்காக நாமாகவே இடையில் நிறுத்துவதும் சரியல்ல. காசநோயில் அது நோய் மீண்டும் வரவும், மருந்துக்கு அடங்காமல் போகவும் வழிவகுக்கும். எத்தனை நாள் என்பதை மருத்துவரிடம் தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது.

நம்பிக்கை: போன முறை மிஞ்சிய மாத்திரை இந்த முறைக்கு ஆகும்.

அறிகுறி ஒன்றாக இருக்கலாம்; கிருமி ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மிஞ்சியது ஒரு முழுச் சிகிச்சைக்குப் போதாது. ஆனால், பிறகு எடுக்கும் ரத்த, சிறுநீர் கல்ச்சர் பரிசோதனையில் பாக்டீரியா வளராமல் போக அது போதும். அப்போது சரியான மருந்தைக் காட்டித்தரும் பரிசோதனையே பயனற்றுப் போகிறது.