நான்காவது தோட்டா

நகரின் நடுநாயகமான ஒரு பேட்டைக்கே காந்திபுரம் என்று பெயர் சூட்டி வைத்திருக்கும் நம் கோயமுத்தூரிலும், காந்தியடிகளின் மரணத்தைப் பற்றிப் பேச்சு எழுந்தால், சுட்டவன் கோட்ஸே ஒருவன்தானா என்ற சந்தேகம் கூடவே எழுவதுண்டு. 1948 ஜனவரி 30 மாலை, தில்லி பிர்லா மாளிகைத் தோட்டத்தில் பாய்ந்த தோட்டாக்கள் மூன்றல்ல, நான்கு என்றும், நான்காவதைச் சுட்டவன் வேறொருவன் என்றும் கூறும் இந்தக் கர்ண பரம்பரைச் செய்தி, 2017இல் மறுவிசாரணை கோரும் மனுவாகச் சுப்ரீம் கோர்ட்டின் வாசல் வரையில் சென்றுவிட்டமையால், அதைப் பரிசீலிப்பது நம் கடமையாகிறது.

காயங்களை எண்ணினால் தோட்டாக்களின் கணக்கு வந்துவிடும் என்பது முதல் நம்பிக்கை. நுழைந்த வாய் பெரும்பாலும் சிறியதாய், ஓரத்தில் தோல் உராய்ந்த வளையத்தோடு இருக்கும். வெளியேறிய வாயோ கிழிந்து ஒழுங்கற்றிருக்கும். இரண்டையும் பிரித்தறியாமல் எண்ணுகிறவனுக்கு ஒரே தோட்டா இரண்டாகத் தோன்றும். அடிகளின் செயலராக இருந்த பியாரேலால் எழுதியிருப்பதன்படி, இரண்டு தோட்டாக்கள் உடலை ஊடுருவி முதுகுப்புறம் வெளிவந்தன, மூன்றாவது நுரையீரலில் தங்கியது. ஆகவே மூன்று தோட்டாக்களுக்குக் காயங்கள் ஐந்து. சால்வையிலிருந்து ஒரு தோட்டா விழுந்ததாகச் சொல்லப்படுவதும் விந்தையல்ல. உடலைத் துளைத்து வேகம் இழந்த ஈயம் ஆடை மடிப்பில் சிக்கிக்கொள்ளக்கூடியதே.

காதால் கேட்ட வெடிகளை எண்ணுவது அதனினும் அபாயமானது. மருதமலை அடிவாரத்தில் ஒரு வேட்டுப் போட்டால் மலைச்சரிவு அதைத் திருப்பிச் சொல்வதுபோல், சுவர்களும் கட்டடங்களும் ஒரு வெடியைப் பலவாக்கும். அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் கொலையில் ஒரு போலீஸ் ஒலிப்பதிவை நம்பி, இரண்டாவது துப்பாக்கி இருந்திருக்கக்கூடும் என்று 1979இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக் குழு கூறியது. அந்தச் சப்தங்கள் கொலைக்கு ஏறத்தாழ ஒரு நிமிஷத்திற்குப் பிற்பட்டவை என்று 1982இல் அந்நாட்டு விஞ்ஞானக் கழகத்தின் நிபுணர்கள் முடிவு கூறினர்.

மெய்யான சாட்சியம் துப்பாக்கியின் குழலுக்குள் இருக்கிறது. குழலின் உட்சுவரில் திருகுபோல் சுழன்று செல்லும் பள்ளங்கள் தோட்டாவைச் சுழற்றி அனுப்பும்போதே அதன்மேல் நுண்ணிய கீறல்களைப் பதித்துவிடுகின்றன; வெளியே தெறித்து விழும் பித்தளை உறையின் அடியிலோ ஊசி அடித்த குழி நிலைத்துவிடுகிறது. நிபுணர், கைப்பற்றிய துப்பாக்கியால் பஞ்சு அடைத்த பெட்டிக்குள் சுட்டு, அந்தத் தோட்டாவையும் சம்பவ இடத்துத் தோட்டாவையும் ஒப்பீட்டு நுண்ணோக்கியின் அடியில் அருகருகே வைத்து, ஒன்றின் கீறல் கோடு பிளவின்றி மற்றொன்றில் தொடரும் வரையில் பொறுமையாகத் திருப்பிக்கொண்டே இருப்பார். தொடர்ந்தால் துப்பாக்கி ஒன்று. பள்ளங்களின் எண்ணிக்கையோ சுழலும் திசையோ மாறுபட்டாலோ, ஐயமின்றி இரண்டு. இரண்டாவது கொலையாளி இருந்தால் அவனைக் காட்டிக்கொடுக்கும் சக்தியும் இந்தச் சாஸ்திரத்துக்கு உண்டு என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கோட்ஸேயின் 606824 எண்ணுள்ள பெரெட்டா கைத்துப்பாக்கி ஏழு தோட்டா கொள்ளும். நான்கு மிஞ்சின, ஆதலால் மூன்றுதான் அதிலிருந்து சென்றன, நான்காவது வேறு துப்பாக்கியினுடையது என்பது வாதம். நிரூபிக்க வேண்டியதையே ஆதாரமாக வைத்துக்கொள்ளும் வாதம் இது. உடலை அறுத்துப் பிரேதப் பரிசோதனை செய்யாமல் விட்டது மட்டும் மெய்யான குறை. பக்தியால் நேர்ந்த அந்த விடுபாடே வதந்திக்கு இடம் கொடுத்தது என்பது என் துணிபு.

நீதிமன்றத்துக்குத் துணைபுரிய நியமிக்கப்பட்ட மூத்த வழக்கறிஞர் அமரேந்திர சரண், ஆவணங்களை ஆராய்ந்து, மறுவிசாரணைக்கு முகாந்திரம் இல்லை என்று அறிக்கை தந்தார். 2018 மார்ச் 28 அன்று மனு தள்ளுபடியாயிற்று. அந்தப் பெரெட்டாவின் கீறல்களோடு பொருந்தாத ஒரு தோட்டாவை எழுபதாண்டுகளில் எவரும் கொண்டுவந்து நீதிமன்றத்தின் முன் வைக்கவில்லை.