காற்றறிந்து கரை சேர்தல்

நுழையும்முன்
கடலில் மீன்பிடிப்போரின் துணிவை நாம் அறிவோம். ஏரியில் சிறு பரிசலில் அமர்ந்து வலை வீசுவோரின் தொழிலறிவு அந்த அளவுக்குப் பேசப்படுவதில்லை. வாடைக்காற்று வீசும் மாதங்களில் அவர்களது பிழைப்பும் உயிரும் காற்றைக் கணிக்கும் திறனையே சார்ந்துள்ளன. அத்திறனின் நுட்பங்களை இப்பாடம் விளக்குகிறது.

ஏரியும் சூழலும்

சென்னை – பெங்களூரு தேசிய நெடுஞ்சாலைக்குத் தெற்கே பரந்து கிடக்கிறது செம்பரம்பாக்கம் ஏரி. அதன் மேற்கிலும் தென்மேற்கிலும் இருங்காட்டுக்கோட்டை, திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய தொழிற்பகுதிகள் வளர்ந்துள்ளன. ஏரியின் முழுக் கொள்ளளவு 3,645 மில்லியன் கன அடி. முழு ஆழம் 24 அடி. மழைநீரோடு, பூண்டியிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீரும் இங்குச் சேர்கிறது. மிகை நீர் அடையாற்றின் வழியே கடலை அடைகிறது.

சென்னை மக்களுக்கு இது குடிநீர் ஏரி. சுற்றுவட்டார மீனவர்களுக்கோ இது விளைநிலம். கட்லா, ரோகு, மிர்கால் போன்ற வளர்ப்பு மீன்களும் விரால், கெளுத்தி, கெண்டை போன்ற நாட்டு மீன்களும் தமிழக ஏரிகளில் கிடைக்கின்றன. இரவுப் பணி முடித்த தொழிலாளர்களை ஏற்றிக்கொண்டு ஆலைப் பேருந்துகள் திரும்பும் விடியற்பொழுதில், ஏரிக்குள் வலையெடுக்கும் பணி தொடங்குகிறது.

வாடையின் வருகை

அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவக்காற்று வீசுகிறது. இப்பருவத்தில்தான் ஏரி நிரம்புகிறது, நீர்ப்பரப்பு விரிகிறது. புதுவெள்ளம் வந்து சேரும் இடங்களில் மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்து ஏறிவரும். ஆகவே மீன்வளம் மிகும் காலமும் காற்று மிகும் காலமும் ஒன்றாகவே அமைகின்றன. இத்தொழிலின் இடர்ப்பாடு இங்குத்தான் தொடங்குகிறது.

தெரிந்து தெளிவோம்
கிழக்கிலிருந்து வீசுவது கொண்டல். மேற்கிலிருந்து வீசுவது கோடை. வடக்கிலிருந்து வீசுவது வாடை. தெற்கிலிருந்து வீசுவது தென்றல். பத்துப்பாட்டுள் ஒன்றான நெடுநல்வாடை, வாடையின் பெயரையே தன் பெயரில் தாங்கியுள்ளது.

பரிசலின் இயல்பு

காற்றின் ஆற்றலை ஆண்டு கடலில் கலம் செலுத்திய முன்னோரின் சிறப்பைப் புறநானூற்றில் வெண்ணிக்குயத்தியார் போற்றுகிறார். பாய் விரித்த கலம் காற்றைப் பணிகொள்ளும். பரிசலுக்கு அவ்வாய்ப்பு இல்லை. வட்ட வடிவான அதற்கு முன்புறம், பின்புறம் என்ற வேறுபாடு கிடையாது. நீரைக் கிழித்து நேர்வழி காக்கும் அடிக்கட்டையும் கிடையாது. மூங்கிலால் முடைந்த பழைய பரிசலாயினும் கண்ணாடி இழையால் ஆன இன்றைய பரிசலாயினும் இவ்வியல்பு மாறுவதில்லை. எடை குறைவு; ஆழம் குறைந்த நீரிலும் மிதக்கும்; கரையில் ஒருவரே தூக்கிச் செல்லலாம். இவை அதன் நன்மைகள். காற்று வலுத்தால் சுழன்று திசைமாறுவது அதன் குறை.

காற்றின் வேகம் இருமடங்கானால் அது தள்ளும் விசை ஏறத்தாழ நான்கு மடங்காகும். காலையில் எளிதாகத் துடுப்பிட்ட ஒருவர், காற்று சற்றே வலுத்ததும் நின்ற இடத்திலேயே போராட நேர்வது இதனால்தான். அலையின் உயரமும் காற்றின் வேகத்தை மட்டும் பொறுத்ததன்று. தடையின்றிக் காற்று வீசும் நீர்ப்பரப்பின் நீளத்தையும் பொறுத்தது. வடகிழக்கிலிருந்து வீசும் காற்றுக்குச் செம்பரம்பாக்கத்தின் கிழக்குக் கரை தடுப்பாகிறது. அக்கரையின் ஓரத்தில் நீர் அடங்கியிருக்கும். மேற்கே செல்லச் செல்ல அலை வளரும். கரையில் நின்று பார்ப்பவருக்கு ஏரி அமைதியாகத் தோன்றினாலும் நடு ஏரி அவ்வாறு இருப்பதில்லை.

கிழக்குக் கரையிலிருந்து புறப்படும் பரிசலைக் காற்றே உள்ளே தள்ளிச் செல்லும். துடுப்பிடும் உழைப்பு தேவையில்லை. அந்த எளிமை ஏமாற்றக்கூடியது. போகும்போது தள்ளிய காற்றே திரும்பும்போது மார்பில் மோதும். ஆகவே, 'எவ்வளவு தொலைவு செல்லலாம்?' என்பது கேள்வியன்று. 'எவ்வளவு தொலைவிலிருந்து திரும்ப முடியும்?' என்பதே கேள்வி.

வலையெடுக்கும் வேளை

மாலையில் நீருக்குள் கட்டிய செவுள் வலையை விடியலில் எடுப்பது வழக்கம். வலையின் மேல்விளிம்பில் தக்கைகளும் கீழ்விளிம்பில் ஈயக்குண்டுகளும் இருக்கும். காற்று வீசும் நாளில், காற்று சென்று சேரும் பக்கத்து முனையிலிருந்து எடுக்கத் தொடங்குவது பாதுகாப்பானது. தக்கைக் கயிற்றைப் பற்றி இழுத்தவாறு காற்றுக்கு எதிராக முன்னேறினால், துடுப்பில்லாமலே பரிசல் நிலைகொள்ளும். வலையின் மீதும் ஏறாது. பரிசலில் எழுந்து நிற்றல் ஆகாது. இருவர் சென்றால் எதிரெதிரே தாழ அமர வேண்டும். ஒருவர் வலையோடு சாயும்போது மற்றவர் தம் எடையால் அச்சாய்வை ஈடுசெய்ய வேண்டும். நனைந்த வலையும் மீனும் நடுவில் இருத்தல் நன்று.

நீரில் மூழ்கிய மரக்கிளையில் வலை சிக்குவதுண்டு. அலை எழும் நேரத்தில் அதனை வலிந்து இழுத்தால் பரிசல் கவிழக்கூடும். அப்போது கயிற்றை அறுத்துவிட்டுத் திரும்ப வேண்டும். வலை அவருடைய முதலீடு. சிக்கிய மீன் அன்றைய உணவு. இரண்டையும் இழந்து திரும்புவதற்குத் துணிவும் அறிவும் ஒருசேர வேண்டும்.

மதகு திறக்கும் நாள்

2015 டிசம்பர் 1 அன்று இவ்வேரியிலிருந்து நொடிக்கு ஏறத்தாழ 29,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டதும் அடையாறு பெருக்கெடுத்ததும் மறக்கவியலாதவை. நிவர் புயல் நெருங்கிய 2020 நவம்பர் 25 அன்று, நீர்மட்டம் 22 அடியை எட்டிய நிலையில், முதலில் நொடிக்கு 1,000 கன அடி நீர் திறக்கப்பட்டது. ஒரு கன அடி ஏறத்தாழ 28 லிட்டர். எனவே அந்தச் சிறு அளவே நொடிக்கு 28,000 லிட்டராகும். மதகை நெருங்க நெருங்க நீரின் இழுப்பு வலுக்கும். கரையோரம் காற்றுக்கு மறைவானது என்று கருதி, திறந்த மதகின் அருகே ஒதுங்குவது காற்றிலிருந்து தப்பி நீரோட்டத்தில் சிக்குவதாகும்.

துறைமுகங்களில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு கடலோடிகளுக்கானது. ஏரிக்கரையில் அத்தகைய கூண்டு ஏறுவதில்லை. வானிலை அறிக்கையும் மதகு திறப்பு அறிவிப்பும் உயிர்காக்கும் மிதவை அங்கியும் பரிசலோட்டிக்கு இன்றியமையாதவை. அவற்றோடு, கீழ்வானில் திரளும் மேகத்தையும் நீரின் மேல் ஓடிவரும் கருநிறச் சிலிர்ப்பையும் கண்டு காற்றின் வரவை முன்னுணரும் பட்டறிவும் சேரவேண்டும். ஏரியில் இறங்காமல் கரையிலேயே பரிசலைக் கவிழ்த்து வைக்கும் நாளும் அத்தொழிலின் ஒரு பகுதியே. அந்நாளில் வருவாய் இல்லை. ஆயினும் மறுநாள் வலையெடுக்க ஆள் இருப்பார்.

கற்பவை கற்றபின்
உங்கள் பகுதியிலுள்ள நீர்நிலையில் மீன்பிடிப்போரைச் சந்தித்து, காற்று, வலை, படகு தொடர்பாக அவர்கள் வழங்கும் சொற்களைத் தொகுத்து வகுப்பறையில் படித்துக் காட்டுக.

குறுவினா
1. மீன்வளம் மிகும் காலமே ஏரி மீனவர்க்கு இடர் மிகும் காலமாவது ஏன்?
2. பாய்க்கலத்திற்கும் பரிசலுக்கும் காற்றைக் கையாள்வதில் உள்ள வேறுபாடு யாது?

சிறுவினா
'போகும்போது தள்ளிய காற்றே திரும்பும்போது மார்பில் மோதும்' – இத்தொடரைச் செம்பரம்பாக்கம் ஏரியின் அமைப்பைக் கொண்டு விளக்குக.

நெடுவினா
வாடைக்காலத்தில் பரிசலில் மீன்பிடிப்பவருக்குத் தேவையான தொழிலறிவைத் தொகுத்து எழுதுக.