அண்ணாச்சி கதையின் மீதிப் பாதி

திக்லிபூர், அந்தமான்

அன்புள்ள மருமகன் கதிருக்கு,

படிப்பு முடிந்ததும் இங்கே பஜாரில் ஓட்டல் வைத்து, சரவண பவன் அண்ணாச்சி மாதிரி முன்னுக்கு வரவேண்டும் என்று எழுதியிருந்தாய். ஆசை நல்லதுதான். ஆனால் நீ படித்தது அவர் கதையில் பாதி.

புன்னையடியில் பிறந்த பி. ராஜகோபால், சென்னை கே.கே.நகரில் மளிகைக்கடை நடத்தி, 1981இல் அங்கேயே முதல் ஓட்டலைத் திறந்தார். தொடக்கத்தில் நஷ்டம். அப்போதும் தரத்தைக் குறைக்கவில்லை. ஊழியர்களுக்குத் தங்க இடம், வைத்தியச் செலவு, பிள்ளைகள் படிப்புக்கு உதவி என்று செய்தார். முதலாளி என்று கூப்பிடாமல் அண்ணாச்சி என்றார்கள். இதையெல்லாம் நீ கற்றுக்கொள்.

மீதியைக் கேள். அவரிடம் வேலை பார்த்த ஒருவரின் மகள் ஜீவஜோதி. அவரை மூன்றாம் தாரமாக்க ராஜகோபால் நினைத்தார். அந்தப் பெண் பிரின்ஸ் சாந்தகுமாரை மணந்திருந்தார், மறுத்துவிட்டார். 2001 அக்டோபரில் ராஜகோபாலின் ஏவலில் சாந்தகுமாரைக் கடத்திக் கொன்று கொடைக்கானல் காட்டில் போட்டார்கள். 2004இல் ராஜகோபாலுக்கு 10 ஆண்டு சிறை. 2009இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. ஜூலையில் ஆம்புலன்ஸில் வந்து சரணடைந்தவர், 18ஆம் தேதி இறந்தார்.

“அந்தப் பொண்ணால கெட்டார்” என்று இங்கேகூடச் சிலர் சொல்கிறார்கள். கேட்டால் எனக்கு வயிறு எரிகிறது. கணவனைப் பறிகொடுத்தவள் அவள்.

என்னை உலுக்கியது வேறொன்று. அவரோடு தண்டனை பெற்றவர்களில் அவருடைய ஊழியரும் உண்டு. சம்பளமும் வீடும் பிள்ளை படிப்பும் ஒரே கையிலிருந்து வந்தால், அந்தக் கை தப்பான பக்கம் காட்டும்போது மாட்டேன் என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? அள்ளிக் கொடுத்தவருக்கு, தன் பேச்சை ஒரு பெண் தட்டியதே பொறுக்கவில்லை.

நம் ஊரில் மாட்டேன் என்று சொல்வது இன்னும் கஷ்டம். மெயின்லேண்டிலிருந்து வேலைக்கு வரும் பையன் வீடு திரும்ப, போர்ட் பிளேருக்கே ஒரு பகல் முழுக்க பஸ். அப்புறம் கடலில் சில நாள். அதுவரை உன்னை விட்டால் அவனுக்கு ஆளில்லை. வயிறாரச் சோறு போடு, மாதம் பிறந்ததும் சம்பளத்தை அவன் கையில் கொடு. போகிறேன் என்றால் கணக்கை முடித்து அனுப்பு. செய்த உதவியைச் சொல்லிக்காட்டி நிறுத்தாதே.

கடை திறக்கும் அன்று கல்லாவுக்குப் பின்னால் அண்ணாச்சி படம் மாட்டப்போவதாக எழுதியிருந்தாயே, அது வேண்டாமப்பா.

அன்புடன்,
மாமா