காசநோயாளரும் நமது உணவு நெறியும்

நம் இல்லங்களில் ஒருவருக்குக் காசநோய் கண்டுள்ளது எனத் தெரிந்தவுடன் இரு ஐயங்கள் எழுகின்றன. முட்டை உண்ணாமல் உடல் தேறுமா என்பது ஒன்று. நோன்பை விடுவது பிழையாகுமோ என்பது மற்றொன்று.

காசநோயைத் தீர்ப்பது மருந்தே என்பதை முதலில் மனத்திற் கொள்வோம். சென்னையில் 1956இல் நிறுவப்பெற்ற காசநோய் ஆய்வு மையம், ஒரு சாராரைச் சானடோரியத்திலும் மறு சாராரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்துகளை அளித்து ஒப்பிட்டது. வீட்டிலிருந்தோர் எளிய உணவே உண்டனர். ஆயினும் அவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமடைந்தனர் என்பதை 1959இல் வெளியான முடிவு காட்டிற்று.

அங்ஙனமாயின் உணவு வேண்டாவோ? வேண்டும். இந்நோய் தசையைக் கரைக்கும். உடல் மெலிந்தோர்க்கு உயிருக்கே இடர் மிகுதி. ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை நடந்த ஆய்வில் நோயாளர்க்குத் திங்கள்தோறும் 10 கிலோ உணவுப்பொருள் வழங்கினர். குடும்பத்தார்க்கும் உணவளித்த வீடுகளில் புதிதாக நோய் காண்பது 39 விழுக்காடு குறைந்தது. நோயாளர்க்கு அளித்தவை அரிசி, பருப்பு வகை, பால்பொடி, எண்ணெய் ஆகியவையே. புலாலும் முட்டையும் அவற்றுள் இல்லை.

எனவே பயறு, உளுந்து, துவரை, கொண்டைக்கடலை, பால், தயிர், எள், கேழ்வரகு, கீரை, பழம் ஆகியவை போதும். பசி குன்றியவர்க்கு, ஞாயிறு எழுந்தது முதல் மறைவதற்குள் நான்கைந்து வேளையாகச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். இரவு உண்ணா நெறிக்கு இதனால் ஊறில்லை. மருந்தையும் பகலிலேயே உட்கொள்ளும்படி மருத்துவரிடம் கேட்டு வேளையை அமைத்துக்கொள்ளலாம். கைகால் மரத்துப்போனாலோ, கண் மஞ்சளித்தாலோ உடனே அவரிடம் தெரிவித்தல் வேண்டும்.

அட்டமி, சதுர்த்தசி உபவாசங்களைச் சிகிச்சை முடியும்வரை ஒத்திவைப்பதே தக்கது. ஆற்றலுக்கேற்ற தவம் என்பது பதினாறு பாவனைகளுள் ஒன்றன்றோ? ஆற்றலை மீறி உபவாசமிருந்து, ஒருவேளை மருந்தையும் விடுவது தவமாகாது. இடையில் நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத நோயாக அது மாறக்கூடும். அருகிலிருப்போர்க்கும் தீங்கு பயக்கும். பிறவுயிர்க்கு ஊறு செய்யாமையைப் போற்றும் நாம் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

சிகிச்சை பெறுவோர்க்கு உணவுக்கென அரசு வழங்கும் தொகை 2024 நவம்பர் முதல் திங்களுக்கு 1000 ரூபாய். அது போதாத ஏழை நோயாளர் நம் ஊரிலும் இருக்கலாம். நால்வகைத் தானங்களுள் ஆகார தானமும் ஔஷத தானமும் ஒருங்கே கூடும் இடம் இதுவே. ஒருவர்க்கு ஆறு திங்கள் பருப்பும் பாலும் அளிப்பது, நம்மில் பலருக்கும் இயல்வதே.